ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு அந்தக் கேள்வி எங்கே போகிறது?

இளங்கலை மாணவர் ஆய்வு என்றால் அது ஒரு பயிற்சி, அவ்வளவுதான் என்ற நினைப்பு ஆசிரியர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. தலைப்பைக் கொடுக்கிறோம், சில மாதம் விடுகிறோம், பைண்டு போட்டு வரும் ஆய்வேட்டை வாங்கி மதிப்பெண் போடுகிறோம், அலமாரியில் வைக்கிறோம். மாணவர் எதையோ கற்றுக்கொண்டார் என்றால் வேலை முடிந்தது. பெரும்பாலான ஆய்வேடுகளுக்கு இதுவே போதும். ஆனால் எப்போதாவது ஓர் ஆய்வேட்டுக்குள், அதுவரை யாரும் சரியாகக் கேட்காத ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கும். அப்போது என்ன நடக்கிறது?

இதைப் பார்க்க இரண்டு நிகழ்வுகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று பொறியியல், இன்னொன்று அரசியல் அறிவியல். இரண்டிலும் மாணவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். சிக்கல் எல்லாம் அதற்கு அடுத்த கட்டத்தில்தான்.

நான்கு தூண்களும் ஒரு தேவாலயமும்

நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டனில், லெக்சிங்டன் அவென்யூவில், 279 மீட்டர் உயரத்தில் 59 மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1977-இல் கட்டி முடித்தபோது அதன் பெயர் சிட்டிகார்ப் சென்டர். வடிவமைத்தவர் ஹியூ ஸ்டப்பின்ஸ். கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷுரியர்.

அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். அவ்வளவு பெரிய கோபுரம் தரையில் உட்காரவே இல்லை. ஒன்பது மாடி உயரத் தூண்களின்மேல் நிற்கிறது. அந்தத் தூண்களும் வழக்கம்போல மூலைகளில் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒன்று, ஆக நான்கு. மையத்தில் லிஃப்ட்டுகள் போகும் தண்டுப் பகுதி. நான்கு மூலைகளும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

எந்தப் பொறியாளரும் சும்மா இப்படிச் செய்ய மாட்டார். காரணம் ஒரு பேரம். அந்த மனையின் ஒரு மூலையில் செயின்ட் பீட்டர்ஸ் லூத்தரன் தேவாலயம் இருந்தது. நிலத்தைக் கொடுக்க அவர்கள் சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு: அதே மூலையில் எங்களுக்குப் புதிய தேவாலயம் கட்டித்தர வேண்டும், அது உங்கள் கோபுரத்தோடு ஒட்டக் கூடாது, உங்கள் தூண் எதுவும் அதற்குள் இறங்கக் கூடாது. மூலையில் தேவாலயம் வந்துவிட்டதால் தூண் நடுவுக்கு நகர்ந்தது. தூண் நகர்ந்ததால் சுமையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க, கோபுரத்தின் நான்கு முகங்களிலும் எட்டு எட்டு மாடிக்கு ஒன்றாக, ஆங்கில ‘வி’ எழுத்து வடிவத்தில் பெரிய எஃகுச் சாய்சட்டங்கள் வந்தன. இந்த அமைப்பு எடை குறைவு, அதனால் காற்றில் ஆடும். ஆட்டத்தைக் கட்டுப்படுத்த உச்சியில் சுமார் 400 டன் கான்கிரீட் எடை ஒன்றை வைத்தார்கள். கட்டடம் ஒரு பக்கம் போனால் எடை மறுபக்கம் இழுக்கும்.

1978-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இளங்கலை முடிக்கவிருந்த டயேன் ஹார்ட்லி இந்தக் கட்டடத்தைத்தான் தன் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டார். வழிகாட்டி, பேராசிரியர் டேவிட் பில்லிங்டன். பாலம், கட்டடம் எதுவானாலும் அறிவியல், சமூகம், குறியீடு என்ற மூன்று கோணங்களில் பார்க்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஹார்ட்லியின் ஆய்வேட்டுத் தலைப்பிலேயே அந்த மூன்று சொற்களும் இருந்தன: ஒரு பெரிய அலுவலக வளாகத்தின் அறிவியல், சமூக, குறியீட்டு விளைவுகள்.

இந்தத் தலைப்பை நான் முக்கியமாக நினைக்கிறேன். சமூகப் பகுதியையும் அறிவியல் பகுதியையும் தனித்தனி ஆட்களிடம் கொடுத்திருந்தால், ஒருவர் தேவாலயத்தின் கதையை எழுதியிருப்பார், இன்னொருவர் சட்டங்களின் விசையைக் கணக்கிட்டிருப்பார். தேவாலயத்தோடு போட்ட ஒப்பந்தம் ஒரு சமூகச் செய்தி. காற்று அடிக்கும்போது அந்த ஒப்பந்தம் எஃகுக்குள் என்ன செய்யும் என்பது அறிவியல் கேள்வி. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு தொழில்முறை ஆய்வாளருக்கு அரிதாகத்தான் கிடைக்கும். இளங்கலை மாணவருக்குச் சாதாரணமாகவே கிடைக்கிறது.

மூலையில் மோதும் காற்று

ஹார்ட்லி லெமெஷுரியரின் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு வரைபடங்களையும் கணக்குகளையும் வாங்கினார். அப்புறம் தானும் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அங்கேதான் ஒன்று உறுத்தியது.

காற்று ஒரு கட்டடத்தின் முகத்தில் நேராக மோதலாம். மூலையில், 45 பாகைச் சாய்வில், இரண்டு முகங்களையும் ஒரே நேரத்தில் தள்ளிக்கொண்டும் மோதலாம். மூலைகளில் தூண் உள்ள வழக்கமான கட்டடத்தில் நேர்க்காற்றுக்குத் தாங்கினால் மூலைக்காற்றுக்கும் தாங்கும் என்பது அன்றைய பொது அறிவு. நியூயார்க் நகரக் கட்டட விதிகளும் அப்போது நேர்க்காற்றுக் கணக்கைத்தான் கேட்டன. ஆனால் இது தூண்கள் நடுவில் இருக்கும் கட்டடம். ஹார்ட்லி போட்ட கணக்கில் மூலைக்காற்றின்போது விசை கூடுதலாக வந்தது. நிறுவனம் அனுப்பிய தாள்களில் மூலைக்காற்றுக் கணக்கே அவருக்குத் தட்டுப்படவில்லை.

அவர் செய்தது, ஒரு மாணவர் செய்ய வேண்டியதைத்தான். கேட்டார். நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தில் அவரோடு தொடர்பில் இருந்த இளநிலைப் பொறியாளரிடம் கேட்டார். கட்டடம் பாதுகாப்பானதுதான் என்று பதில் வந்தது. இறுதி ஆண்டு மாணவி, எதிரே நாட்டின் பெயர்பெற்ற பொறியியல் நிறுவனம். பதிலை ஏற்றுக்கொண்டார், ஆய்வேட்டை ஒப்படைத்தார், பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதே மாதங்களில், அவருக்குத் தெரியாமல், இன்னொரு சங்கதி வெளியே வந்துகொண்டிருந்தது. சாய்சட்டங்களின் இணைப்புகளை முழு ஆழத்துக்கு வெல்டிங் செய்வதாகத்தான் முதலில் திட்டம். கட்டும்போது, செலவு குறையும் என்று போல்ட் இணைப்புக்கு மாறியிருந்தார்கள். நேர்க்காற்றை மட்டும் நினைத்தால் போல்ட் போதுமானது, நியாயமான மாற்றம். இது 1978 மே மாதத்தில்தான் லெமெஷுரியருக்கே தெரியவந்தது.

போல்ட் ஏன் இவ்வளவு பெரிய விஷயமாயிற்று என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு சாய்சட்டத்தைக் கட்டடத்தின் சொந்த எடை 75 அலகு விசையில் அமுக்குகிறது. காற்று அதையே 100 அலகு விசையில் இழுக்கிறது. இணைப்பில் மிஞ்சும் இழுப்பு 25. அந்த 25-ஐத்தான் போல்ட் தாங்க வேண்டும். இப்போது மூலைக்காற்றில் இழுப்பு 40 விழுக்காடு கூடி 140 ஆகிறது. எடையின் அமுக்கம் மாறாது, அதே 75. மிச்சம் 65. ஆக, காற்று கூட்டியது 40 விழுக்காடு, போல்ட்டின் மேல் கூடியதோ 160 விழுக்காடு. லெமெஷுரியர் பிற்பாடு சொன்ன இரண்டு எண்களும் இவைதான்: சட்டங்களில் 40, இணைப்புகளில் 160. வித்தியாசங்களைக் கழித்துப் பார்க்கிற இடங்களில் சிறிய தவறு எப்படி ஊதிப் பெருக்கும் என்று புள்ளியியல் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இந்தக் கணக்கு நன்றாக உதவும்.

லெமெஷுரியர் எப்படி அங்கே வந்தார்? அவர் சொன்ன கதைப்படி, 1978 ஜூனில் நியூஜெர்சியிலிருந்து ஒரு மாணவர் தொலைபேசியில் அழைத்து, தூண்களை ஏன் நடுவில் வைத்தீர்கள் என்று கேட்டார். அவர் விளக்கினார். விளக்கியதும், இது ஹார்வர்டில் தன் மாணவர்களுக்கு நல்ல பாடமாக இருக்குமே என்று தோன்றியது. வகுப்புக்காக மூலைக்காற்றுக் கணக்கைப் போட்டார். 40 விழுக்காடு வந்தது. உடனே போல்ட் நினைவுக்கு வந்தது. கனடாவில் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் காற்றுச் சுரங்கச் சோதனைகளை நடத்திய ஆலன் டேவன்போர்ட்டிடம் போனார். உச்சியில் உள்ள எடை மின்சாரம் போய் நின்றுவிட்டால், சராசரியாக 16 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலே கட்டடத்தைச் சாய்த்துவிடும் என்ற முடிவுக்கு வந்தார்.

மறைக்காமல் உரிமையாளரிடம் சொன்னார். ஆகஸ்டிலிருந்து இரவு நேரங்களில், 200-க்கு மேற்பட்ட போல்ட் இணைப்புகளின் மேல் கனத்த எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்தார்கள். செப்டம்பரில் எல்லா என்ற சூறாவளி கரையை நோக்கி வந்து கடலுக்குத் திரும்பியது. நகரத்தின் செய்தித்தாள்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தன. பொதுமக்களுக்கு ஒன்றுமே தெரியாது. 1995-இல் நியூயார்க்கர் இதழில் கட்டுரை வந்தபோதுதான் உலகம் அறிந்தது. அதில் அந்த மாணவருக்குப் பெயர் இல்லை.

பெயர் இல்லாத மாணவர்

பிற்பாடு ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தைப் பார்த்தபோதுதான், தன் ஆய்வேட்டுக் கேள்வியும் இந்தக் கதையும் ஒன்று என்று ஹார்ட்லிக்கே தெரிந்தது. அவர் லெமெஷுரியரிடம் நேரடியாகப் பேசியதே இல்லை என்கிறார். அந்த அழைப்பை விடுத்தது தான்தான் என்று 1978-இல் நியூஜெர்சியில் கட்டடக்கலை முதலாண்டு படித்த இன்னொருவரும் பின்னாளில் முன்வந்தார்.

அதனால், ‘ஒரு மாணவி கட்டடத்தைக் காப்பாற்றினார்’ என்று பரவலாகச் சொல்லப்படும் கதையை அப்படியே நான் சொல்ல மாட்டேன். ஹார்ட்லியின் கேள்வி லெமெஷுரியரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ஆவணம் ஒன்றும் இல்லை. எனக்கு இந்த நிகழ்விலேயே அதிகம் வலிக்கிற இடம் இதுதான். கணக்கு இருந்தது. ஆய்வேடு இருந்தது. அது எழுப்பிய கேள்விக்கு ஒரு நிறுவனம் என்ன பதில் சொன்னது, எந்தக் கணக்கின் அடிப்படையில் சொன்னது என்பதை யாரும் எழுதி வாங்கவில்லை. மாணவியும் கேட்கவில்லை, கேட்கலாம் என்று அவருக்குச் சொல்லவும் ஆள் இல்லை. ‘பாதுகாப்பானது’ என்ற ஒரு வார்த்தை ஒரு கணக்குத்தாளின் இடத்தை எடுத்துக்கொண்டது.

இன்னொரு திருப்பமும் உண்டு. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இன்றைய முறைகளில் இந்தக் கட்டடத்தை மறுபடி கணக்கிட்டார்கள். மூலைக்காற்று, லெமெஷுரியர் பயந்த அளவுக்கு ஆபத்தானது இல்லை என்று வந்தது. அப்படியானால் மாணவி கேட்டது தவறா? இல்லை. கேள்வியின் தரத்தை இறுதி விடையை வைத்து அளக்கக் கூடாது. அந்தக் கேள்வி கேட்கப்பட்ட நாளில் அதற்கு எழுத்தில் விடை இல்லை. அதை மறுக்கவும் ஒரு முழு ஆய்வு தேவைப்பட்டது. இளங்கலை ஆய்வுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

‘சி’ வாங்கிய கட்டுரை

இரண்டாவது நிகழ்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் வழி நேர்கோடு.

1982-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர் கிரிகரி வாட்சன், அரசியல் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசமைப்புத் திருத்தம் அப்போது காலக்கெடுவோடு போராடிக்கொண்டிருந்தது, அதைப் பற்றி எழுதத்தான் நூலகத்துக்குப் போனார். அங்கே ஒரு புத்தகத்தில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுப்பியும் மாநிலங்கள் ஒப்புதல் தராமல் கிடப்பில் போன திருத்தங்களின் வரிசை இருந்தது. அதில் ஒன்று 1789-இல் ஜேம்ஸ் மேடிசன் முன்வைத்தது. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிச் சட்டம் போட்டால், அடுத்த தேர்தல் முடியும்வரை அது நடைமுறைக்கு வரக் கூடாது என்பது அதன் சாரம். அந்த ஆண்டு மாநிலங்களுக்குப் போனவை 12 திருத்தங்கள். 10 நிறைவேறி, 1791-இல் உரிமைகள் பட்டியல் ஆயின. இது நின்றுவிட்டது.

வாட்சன் கவனித்தது ஒரே ஒரு விஷயம்: இதற்குக் காலக்கெடு எதுவும் எழுதப்படவில்லை. அப்படியானால் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு திருத்தம் காலாவதியாகிவிட்டதா என்பதைக் காங்கிரஸ்தான் தீர்மானிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1939-இல் சொல்லியிருந்ததும் அவர் வாதத்துக்கு வலு சேர்த்தது.

கட்டுரைக்குக் கிடைத்தது ‘சி’. துணை ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணை எதிர்த்துப் பாட ஆசிரியரிடம் முறையிட்டார். மாற்றமில்லை.

இங்கே வாட்சன் செய்ததை ஹார்ட்லியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்பறையில் கேள்விக்கு வழி அடைபட்டதும், வாட்சன் அதை வெளியே கொண்டுபோனார். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். சொந்தப் பணத்தில் சுமார் 6,000 டாலர் செலவழித்தார். 1983-இல் மெய்ன் மாநிலம் ஒப்புதல் தந்தது, 1984-இல் கொலராடோ. அப்புறம் வரிசையாக வந்தன. 1992 மே மாதம், திருத்தம் நிறைவேறத் தேவையான 38 மாநிலங்கள் என்ற எல்லை எட்டப்பட்டது. அந்த மாதமே தேசிய ஆவணக்காப்பாளர் சான்றளித்தார். செனட்டில் 99-க்கு 0, கீழவையில் 414-க்கு 3 என்று காங்கிரசும் ஏற்றுக்கொண்டது. 27-ஆவது திருத்தம், முன்மொழிந்து 202 ஆண்டுகளுக்குப் பிறகு, அரசமைப்புச் சட்டத்தில் ஏறியது. 2017-இல், அதே பாட ஆசிரியரே மதிப்பெண் மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட, வாட்சனின் ‘சி’, ‘ஏ’ ஆனது.

மதிப்பெண் போட்டவர்களைத் திட்டுவதற்கு இதைச் சொல்லவில்லை. கட்டுக் கட்டாகக் கட்டுரைகளைத் திருத்துகிறவருக்கு, கிட்டத்தட்ட இரு நூற்றாண்டுக்கு முந்தைய தீர்மானம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று ஒரு 20 வயது மாணவர் சொன்னால் நம்புவது கடினம்தான். ஆனால் அவர்கள் கையில் ஒரு கேள்வி இருந்தது: காலக்கெடு எழுதப்பட்டிருக்கிறதா, இல்லையா? மூல ஆவணத்தைத் திறந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முடிவு நம்பும்படி இருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சான்று சரியா என்று பார்ப்பது வேறு வேலை.

இரண்டையும் அருகருகே வைத்தால்

இரண்டு மாணவர்களிடமும் பெரிய கருவிகள் இல்லை. ஆய்வகம் இல்லை, நிதி இல்லை. இருந்தது ஒன்றுதான்: துறையில் எல்லோரும் ‘தெரிந்ததுதானே’ என்று தாண்டிப்போகும் படியை அவர்களால் தாண்ட முடியவில்லை, ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரியாது. அனுபவசாலிப் பொறியாளர் மூலைக்காற்றுக் கணக்கைத் திரும்பப் போட மாட்டார், விதி கேட்கவில்லை. அனுபவசாலி அரசியல் ஆய்வாளர் 1789-இன் வரிசையை மறுபடி படிக்க மாட்டார், முடிந்த கதை. மாணவர் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து செய்கிறார். அறியாமை இங்கே ஒரு வேலைக் கருவியாகிறது. ஒழுங்கான வழிகாட்டி இருந்தால் மட்டும், அதையும் சொல்லிவிட வேண்டும். எதை எடுத்தாலும் சந்தேகப்படுகிற மாணவரிடமிருந்து ஒன்றும் வராது. ஹார்ட்லிக்கு வரைபடம் கையில் இருந்தது, வாட்சனுக்கு மூலப் பட்டியல் கையில் இருந்தது.

இளங்கலை ஆய்வுக்கு அமைப்பு ரீதியான ஆதரவு இன்று எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) மார்கரெட் மக்விகர் 1969-இல் தொடங்கிய திட்டம், முதலாண்டு மாணவரையும் பேராசிரியரின் ஆய்வுக்குள் கூட்டிப்போனது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இளங்கலை மாணவர்களின் ஆய்வு அனுபவத்துக்கென்றே நிதி தருகிறது. எல்லாம் நல்லது. ஆனால் இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் மாணவரை ஆய்வுக்குள் கொண்டுவருவதைப் பற்றியவை. மாணவர் கண்டது வெளியே போகும் பாதையைப் பற்றி நாம் அவ்வளவாக யோசிக்கவில்லை.

சமூக அறிவியலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். இயற்பியல் மாணவரின் தவறான அளவீடு அவருடைய நோட்டுக்குள்ளேயே கிடக்கும். மக்களிடம் பேட்டி எடுக்கிற மாணவர், அவர்கள் சொன்னதைச் சுமந்துகொண்டு வருகிறார். ‘இந்த விவரத்தை யாரிடம் சொல்வீர்கள்?’ என்று பேட்டி தந்தவர் கேட்டால், ‘மதிப்பெண்ணுக்காக’ என்று பதில் சொல்ல முடியுமா? நெறிமுறைக் குழு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கிறது. கண்டுபிடிப்பு அந்த மக்களுக்குத் திரும்பப் போகுமா என்று கேட்பது வழிகாட்டியின் பொறுப்பாகிவிடுகிறது.

நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். பணம் வேண்டாம், குழு வேண்டாம். ஆய்வேட்டின் கடைசியில், முடிவுரைக்குப் பிறகு, ஒரு தாள். அதில் மூன்று பத்தி. முதலாவதில், ஆய்வின்போது எழுந்து விடை கிடைக்காத கேள்வி. இரண்டாவதில், அதை யாரிடம் கேட்டோம், என்ன பதில் வந்தது, எந்தத் தேதியில். மூன்றாவதில், அந்தப் பதிலுக்கு ஆதாரமாக அவர்கள் காட்டிய கணக்கு, ஆவணம், பக்க எண்.

வைவாவின்போது மற்ற பக்கங்களுக்குப் போகும் முன் வழிகாட்டி இந்தத் தாளைத்தான் திறக்க வேண்டும். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் மாணவருக்கு மதிப்பெண் குறையக் கூடாது. பதில் சொன்னவருக்குத் துறையின் பெயரில் ஒரு கடிதம் போக வேண்டும்: எங்கள் மாணவர் உங்களிடம் இன்ன தேதியில் இதைக் கேட்டார், பாதுகாப்பானது என்றீர்கள், அந்தக் கணக்கின் நகல் ஒன்றை அனுப்பித் தருகிறீர்களா? மாணவி தனியாகக் கேட்டால் வாய்வார்த்தையில் முடிந்துபோகும். துறைத் தலைவரின் கையெழுத்தோடு போகும் கடிதத்துக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து அந்தக் கணக்கைத் தேடித்தான் ஆக வேண்டும். 1978-இல் தேடியிருந்தால், அந்தக் கணக்குத்தாள் இல்லை என்பதே முதலில் தெரியவந்திருக்கும்.